இரண்டு தாள்களுக்கு நடுவே காணாமல் போன ஊர்

கேள்வி: வட கரோலினாவின் மேற்கு மூலையில், பிரைசன் சிட்டி அருகே குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கப் போகிறோம். அந்த மலைகளில் பல கிராமங்கள் இருந்து மறைந்துவிட்டன என்றும், அமெரிக்க அரசின் பழைய நிலத்தோற்ற வரைபடங்களைக் கொண்டு அவை இருந்த இடங்களைக் கண்டுபிடிக்கலாம் என்றும் கேள்விப்பட்டேன். அந்த வரைபடங்கள் எங்கே கிடைக்கும்? எப்படிப் படிப்பது? எவ்வளவு நம்பலாம்?

பதில்: தாராளமாகக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் தங்கப் போகும் ஸ்வைன் கவுண்டியைவிட அதற்கு வாகான இடம் அப்பலாச்சிய மலைத்தொடரிலேயே குறைவு. ஆனால் ஒரே ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு தாள் ஓர் ஆண்டின் நிலவரத்தை மட்டுமே சொல்லும். வெவ்வேறு காலத்தில் அளக்கப்பட்ட மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் எது வந்தது, எது போனது என்பது தெரியும். நீங்கள் தேடுவது போனவற்றைத்தானே?

கிடைக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யு.எஸ்.ஜி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1884 முதல் 2006 வரை அச்சிட்ட நிலத்தோற்ற வரைபடங்களை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். 'டோப்போவியூ' என்ற அதன் பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த இடத்தை உள்ளடக்கிய எல்லாத் தாள்களும் ஆண்டு வாரியாக வரிசையில் நிற்கும். பதிப்புரிமைத் தடை எதுவும் கிடையாது, இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம். புவியியல் ஆயங்கள் பொதிந்த வடிவிலேயே தருகிறார்கள் என்பதால், கூகுள் எர்த்திலோ கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளிலோ திறந்தால் தாள் தன் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். கைப்பேசியில் அவென்சா போன்ற செயலியில் ஏற்றினால், சிக்னல் இல்லாத காட்டிலும் நீங்கள் நிற்கும் இடம் அந்தப் பழைய தாளின்மேல் ஒரு புள்ளியாக நகரும். பழைய வரைபடத்தைச் சட்டமிட்டு நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் விற்பது இதே ஸ்கேனைத்தான்.

மூன்று அளவுகோல்கள் கண்ணில் படும். முதல் தலைமுறைத் தாள்கள் 1:1,25,000. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஒன்றே கால் கிலோமீட்டர். அடுத்தது 1:62,500. மூன்றாவது 1:24,000, இதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 240 மீட்டர்தான். தனி வீடு, பள்ளிக்கூடம், இடுகாடு என்று தேடப் போகிறவருக்கு இந்த மூன்றாவதுதான் வேலைக்காகும். முதலாவதில் ஊர்ப் பெயர், வண்டிப்பாதை, ஆற்றுத்துறை ஆகியவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

தாளைத் திறந்ததும் எல்லோரும் நடுப்பகுதிக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் ஓரங்களைப் பாருங்கள். கீழ் வலது மூலையில் தாளின் பெயரும் பதிப்பு ஆண்டும் இருக்கும். எந்த ஆண்டு களத்தில் அளந்தார்கள் என்பது தனியே, பொடி எழுத்தில், பெரும்பாலும் கீழ் இடது மூலையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அதற்குப் பிறகு அதே தாளை ஒன்றும் மாற்றாமல் மறுபடி மறுபடி அச்சிட்டிருப்பார்கள். அந்த ஆண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1910இல் அச்சான தாளில் ஒரு சாலை இல்லை என்பதால் 1910இல் அந்தச் சாலை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அளந்த ஆண்டில் இல்லை, அவ்வளவுதான். பிற்காலத் தாள்களில் ஊதா நிறத்தில் சில கோடுகளும் கட்டடங்களும் தெரியும். விமானப் புகைப்படத்தைப் பார்த்துப் பின்னால் சேர்த்தவை அவை. யாரும் நேரில் போய்ச் சரிபார்த்தவை அல்ல.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். அது யார், எந்தக் கருவியால் வரைந்தார் என்பதைப் பொறுத்தது. 1880களில் இந்த மலைகளுக்கு வந்த அளவையாளரின் கையில் இருந்தது முக்காலிமேல் பொருத்திய ஒரு வரைபலகை, அதன்மேல் குறிபார்க்கும் ஒரு கருவி. ஏற்கெனவே இடம் தெரிந்த, மரம் இல்லாத ஓர் உச்சியில் பலகையை நிறுத்துவார். இன்னும் இடம் குறிக்காத இரண்டு மூன்று சிகரங்களைக் குறிபார்த்துக் கோடு இழுப்பார். அதே சிகரங்களை இடம் தெரிந்த வேறோர் உச்சியிலிருந்தும் பார்ப்பார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் உறுதியான புள்ளி. அப்படிப்பட்ட புள்ளிகளுக்கு நடுவே இருந்த சரிவுகளையும் ஓடைகளையும் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளின் இடைவெளியோ 100 அடி. 90 அடி உயரமுள்ள ஒரு குன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடில்லாமல் ஒளிந்துகொள்ளலாம். எனவே அந்தக் காலத்துத் தாளில் ஓடைகள் கூடும் இடங்களையும் கணவாய்களையும் நம்புங்கள். பெயர்களையும் ஓரளவு நம்பலாம். சரிவின் வளைவு நெளிவுகளை நம்பிக் கால் வைக்காதீர்கள். 1:24,000 தாளுக்கு வந்துவிட்டால் கதை வேறு. 1940களில் வகுத்த தர விதிப்படி, சோதித்துப் பார்க்கும் தெளிவான புள்ளிகளில் பத்துக்கு ஒன்பது, உண்மையான இடத்திலிருந்து 40 அடிக்குள் இருக்க வேண்டும்.

இனி உங்கள் பகுதிக்கு வருவோம். லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே ஃபோன்டானா அணையைக் கட்டும் வேலை 1942 ஜனவரியில் தொடங்கியது. போர்க்கால அவசரத்தில் இரவு பகலாகக் கட்டி 1944 நவம்பரில் தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள். 480 அடி உயரம். அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இதைவிட உயரமான அணை இல்லை. அலுமினிய ஆலைக்கு மின்சாரம் தேவைப்பட்டது. ஜட்சன், ஆல்மண்ட், புஷ்னெல் போன்ற ஊர்கள் நீருக்குள் போயின. சுமார் 1,300 குடும்பங்கள் வெளியேறின. வடகரையில் இருந்தவர்களின் நிலை இன்னும் விசித்திரம். அவர்களின் நிலங்களில் பெரும்பகுதி மூழ்கவே இல்லை. அங்கே போய்வரும் சாலைதான் மூழ்கியது. போர்க்காலத்தில் புதுச் சாலை போட ஆளுமில்லை, பொருளுமில்லை என்று சொல்லி, 44,000 ஏக்கரையும் கையகப்படுத்திக் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். போர் முடிந்ததும் சாலை போட்டுத் தருவதாக 1943இல் ஒப்பந்தம் எழுதினார்கள். சில மைல்கள் போட்டு, ஒரு சுரங்கப்பாதையும் குடைந்தபின், வெட்டிய பாறையிலிருந்து அமிலம் கசிகிறது என்று 1970களின் தொடக்கத்தில் வேலையை நிறுத்தினார்கள். 2010இல் சாலைக்குப் பதிலாக 5 கோடியே 20 லட்சம் டாலர் தருவதாகக் கவுண்டியோடு உடன்பாடு ஆனது. 'எங்கும் போகாத சாலை' என்று உள்ளூரில் சொல்வது பாதியில் நின்ற அந்தச் சாலையைத்தான். பிரைசன் சிட்டியிலிருந்து காரில் போய்ச் சுரங்கப்பாதையில் நடந்து வரலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், டார்ச் எடுத்துப் போங்கள்.

இந்தப் பின்னணியோடு தாள்களை எடுங்கள். முதலாவது, 1:1,25,000 அளவுகோலில் உள்ள நந்தஹாலா தாள். இரண்டாவது, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமான டி.வி.ஏ. அணைக்கு முன் தயாரித்த 1:24,000 தாள்கள். உங்களுக்கு வேண்டியவை டஸ்கீகி, நோலண்ட் கிரீக் என்ற பெயர்களில் இருக்கும். இவற்றின் முற்காலப் பதிப்பில் சிலவற்றில் உயரக் கோடுகளே இல்லாமல், சாலையும் ஓடையும் கட்டடமும் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நமக்கு வேண்டியது கட்டடங்கள்தான். மூன்றாவது, அதே பெயரில் அணைக்குப் பிந்தைய தாள். ஹேசல் கிரீக் பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் தண்டர்ஹெட் மவுண்டன் தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 35 பாகை 30 கலை அட்சரேகை அந்தப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டுவதால், ஒரே ஓடை இரண்டு தாள்களில் பாதி பாதியாகக் கிடக்கிறது. பழைய பெரிய தாளிலும் இதே தொல்லைதான். அங்கே மேல்பாதி நாக்ஸ்வில் தாளில் இருக்கும்.

இப்போது ஒரு சின்ன வேலை. நீர்த்தேக்கத்தின் கோடைக்கால நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 அடி. அணைக்கு முந்தைய, உயரக் கோடுள்ள தாளில் 1,700 அடிக் கோட்டைக் கண்டுபிடித்து நீலப் பென்சிலால் அதன்மேல் வரைந்துகொண்டே போங்கள். நந்தஹாலா தாளில் 100 அடி இடைவெளி என்பதால் அந்தக் கோடு தனியாகவே இருக்கும். 40 அடி இடைவெளித் தாளில் 1,680க்கும் 1,720க்கும் நடுவே நீங்களாகவே இழுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் இன்று தண்ணீர். மேலே இருப்பதெல்லாம் காடு. நீங்கள் நடந்து போய்ப் பார்க்கக்கூடியது மேலே இருப்பதைத்தான். எந்தக் கணினி வசதியும் இதைவிடச் சீக்கிரம் இந்த உண்மையை உங்கள் மனதில் பதிய வைக்காது.

ஹேசல் கிரீக்கின் கீழ்ப்பகுதியில் இருந்த ப்ராக்டர் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ரிட்டர் மரக் கம்பெனி 1910 வாக்கில் இங்கே பெரிய அறுவை ஆலையை நிறுவியது. பள்ளத்தாக்கின் மேல்முனை வரை ரயில் பாதை போட்டது. வீடுகள், பள்ளி, கடைகள் எல்லாம் எழுந்தன. வெட்டத் தகுந்த மரம் தீர்ந்ததும் 1928இல் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். நந்தஹாலா தாளுக்காக அளவையாளர் வந்துபோன காலத்தில் கம்பெனி வரவில்லை. டி.வி.ஏ. படம் எடுத்தபோது கம்பெனி போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே மிகச் சந்தடியான பதினெட்டு ஆண்டுகள் இரண்டு தாள்களுக்கும் நடுவே விழுந்துவிட்டன. அரசாங்க வரைபடத்தை மட்டும் நம்புகிறவருக்கு, அங்கே சில வீடுகள் இருந்த ஒரு சிற்றூரும் பிறகு ஒரு காடும்தான் தெரியும். நேரில் போனால் காட்டுக்குள் செங்கல்லும் கான்கிரீட்டுமாக மரம் உலர்த்தும் கூடத்தின் இடிபாடு நிற்கிறது.

ஆனால் தாள் இதைப் பற்றி முற்றிலும் வாய் திறக்காமல் இல்லை. புதிய தாளில் ஹேசல் கிரீக் ஓரமாகப் போகும் பாதையைக் கவனியுங்கள். உயரக் கோடுகளை அது மிக மெதுவாக, ஒரே சீராகக் கடக்கிறது. மலைக்காரர்கள் காலால் போட்ட பாதை இப்படி இருக்காது; அது குறுக்கே ஏறும், இறங்கும், சரிவில் மூச்சு வாங்க வைக்கும். ரயில் எஞ்சினுக்குத்தான் அந்த மென்மையான ஏற்றம் தேவை. இன்று நடைபயணிகள் நடப்பது ரிட்டர் ரயிலின் தடத்தில்தான். அப்பலாச்சியாவில் எந்தப் பள்ளத்தாக்கிலும் இப்படி ஆளில்லாத இடத்தில் சீரான பாதை ஒன்று தாளில் தெரிந்தால், மரமோ நிலக்கரியோ அந்த வழியாக இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இனி தனி வீடுகள். டி.வி.ஏ. தாளில் கறுப்புச் சதுரம் என்றால் வீடு. சதுரத்தின் தலையில் சிலுவை இருந்தால் தேவாலயம், கொடி இருந்தால் பள்ளிக்கூடம். இரட்டைக் கோடு வண்டி போகும் சாலை, ஒற்றைப் புள்ளிக்கோடு நடைபாதை. ஒரு கிளை ஓடையைத் தேர்ந்தெடுத்து அதன் வாயிலிருந்து மேல்நோக்கிக் கண்ணை ஓட்டுங்கள். சதுரங்கள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்காது. உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து, சட்டென்று ஓரிடத்தில் விலகும். அங்கே ஒரு சின்னச் சமதளம், அதில் ஒரு சதுரம். பக்கத்திலேயே ஊற்று தொடங்கும் நீலக்கோட்டின் நுனி. அதற்கு மேலே அடுத்த சமதளம் வரை ஒன்றுமில்லை. தண்ணீர், வெள்ளம் தொடாத தளம், சோளம் போட ஒரு துண்டு நிலம்: இந்த மூன்றும் கூடுகிற இடத்தில்தான் அந்த மக்கள் வீடு கட்டினார்கள். நாலைந்து ஓடைகளில் இப்படிப் பார்த்துவிட்டால், சதுரமே இல்லாத பழைய நந்தஹாலா தாளிலும் வீடு எங்கே இருந்திருக்கும் என்று கை வைத்துக் காட்டிவிடுவீர்கள்.

அதை உறுதிப்படுத்த இப்போது ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசித் தரையின் உயரத்தை அளக்கும் லைடார் தரவிலிருந்து மரங்களை நீக்கிவிட்டு, வெறும் தரையின் நிழல்படத்தைத் தருகிறார்கள். கால்டோப்போ போன்ற தளங்களில் பார்க்கலாம். பழைய தாளின் சதுரத்தை அதன்மேல் வைத்தால், சரிவில் வெட்டிய தட்டையான மேடு, அதற்கு ஏறிவரும் வண்டித்தடம், கல் பொறுக்கிக் குவித்த வரப்பு எல்லாம் தெரியும். சதுரமும் மேடும் பொருந்தாமல் சற்றுத் தள்ளி விழுந்தால் பதற வேண்டாம். ஆய அளவை முறைகள் 1927க்கும் 1983க்கும் இடையே மாறியிருக்கின்றன. குறிப்பாக, பழைய தாளின் யு.டி.எம். எண்களை (மீட்டர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் எண்கள்) அப்படியே இன்றைய ஜி.பி.எஸ். கருவியில் தட்டினால் 200 மீட்டர் வரை வடக்கு தெற்காக விலகிப்போவீர்கள். கருவியில் 1927 முறையை (NAD27) தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

களத்தில் இறங்கும் நேரம் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் ரோடோடென்ட்ரான் புதருக்குள் புகுந்தால் பத்தடி தூரத்தில் நிற்கும் புகைபோக்கியும் தெரியாது. மரவீடு மக்கிப் போயிருக்கும். கல் புகைபோக்கியோ அதன் குவியலோ மிஞ்சும். மார்ச்சில் நடுக்காட்டில் டாஃபடில் பூக்கள் வரிசையாகப் பூத்திருந்தால் அங்கே ஒரு வாசல் இருந்தது என்று பொருள். அது இந்தக் காட்டுக்குச் சொந்தமான செடி அல்ல, யாரோ ஒரு பெண்மணி நட்டது. ஒரே பருமனில் நெட்டையாக நிற்கும் டூலிப் பாப்லர் மரங்கள் ஒரு காலத்து வயல். தரையோடு படரும் வின்கா கொடியைக் கண்டால் காலடியைப் பார்த்து வையுங்கள், பெரும்பாலும் இடுகாடாக இருக்கும். பெயர் பொறித்த கல் வேண்டும் என்பதில்லை; தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட வெறும் கற்களே பல கல்லறைகளுக்கு அடையாளம்.

இடுகாடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அணைக்கு முந்தைய 1:24,000 தாளிலும் பிந்தைய தாளிலும் நிலைத்து நிற்கும் மனித அடையாளம் இதுதான். வீடும் பள்ளியும் தேவாலயமும் புதிய தாளில் அழிந்துவிடும். சிறு கட்டமும் சிலுவையும் மட்டும் காட்டின் பச்சைக்கு நடுவே தங்கிவிடும். வடகரையில் அப்படிப்பட்டவை இரண்டு டஜனுக்கும் மேல். வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை, பூங்கா நிர்வாகம் ஏற்பாடு செய்யும் படகில் ஏரியைக் கடந்து வந்து கல்லறைகளுக்குப் பூ வைத்து, பாட்டுப் பாடி, கொண்டுவந்த சாப்பாட்டைச் சேர்ந்து உண்கிறார்கள். சாலை வாக்குறுதி அவர்களுக்கு ஏன் அத்தனை முக்கியமாக இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். வேறு நாளில் நீங்கள் போனால் தாராளமாகப் பார்க்கலாம். கல்லைத் தொடாதீர்கள், பூவை நகர்த்தாதீர்கள்.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. லாரல் பிராஞ்ச், மில் கிரீக் போன்றவை இந்த மலைகளில் கணக்கில்லாமல் இருக்கின்றன; எந்த ஆற்றின் கிளை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். தாளுக்குத் தாள் பெயர் மாறுவதும் உண்டு. பூங்கா உருவான காலத்தில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் ஜார்ஜ் மாசா என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் ஒருவர். சைக்கிள் சக்கரத்தில் தூரமானியைப் பொருத்தி, அதை மலைமுழுக்க உருட்டிக்கொண்டே பாதைகளை அளந்தார். 1933இல் இறந்தார், இன்று அவர் பெயரில் ஒரு சிகரம் இருக்கிறது. தாளில் இல்லாத ஊர்ப் பெயர் கிடைத்தால் யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் இடப்பெயர்ப் பட்டியலில் தேடுங்கள். மறைந்த இடங்களையும் அதில் தனிக் குறிப்போடு வைத்திருக்கிறார்கள். ஹேசல் கிரீக்கில் சுகர் ஃபோர்க் ஓடை கலக்கும் இடத்தில் மெட்லின் என்றொரு தபால் நிலையம் இருந்தது. பழகிப் பார்க்க அந்தப் பெயரில் தொடங்கலாம்.

பூங்காவுக்குள் கிடக்கும் துருப்பிடித்த ஆணிகூட அரசின் சொத்து, எடுத்தால் குற்றம். பூங்காவுக்கு வெளியே தனியார் நிலங்களும் உண்டு. வட கரோலினாவில் மரத்தில் ஊதா வண்ணம் பூசியிருந்தால் 'உள்ளே வராதே' என்று பலகை வைத்ததற்குச் சமம். வேட்டைக் காலத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை அணியுங்கள். வெயில் காலத்தில் இடிந்த கற்குவியலுக்குள் கை விடாதீர்கள். காப்பர்ஹெட் பாம்புக்கும் கல் இடுக்குதான் வீடு.

பின்னொரு நாள் மேற்கு வர்ஜீனியா பக்கம் போனால் இதே முறையை நியூ ரிவர் பள்ளத்தாக்கில் வைத்துப் பாருங்கள். அங்கே வீட்டுச் சதுரங்கள் ரயில் பாதையோரம் நூல் பிடித்தாற்போல் வரிசையாக இருக்கும். கம்பெனி கட்டிய நிலக்கரிக் குடியிருப்புகள். குறுக்காக வைத்த இரண்டு குந்தாலிபோன்ற குறி சுரங்கத்தையோ கல்குவாரியையோ காட்டும். கேமூர் சுரங்கம் 1962 வரை ஓடியது. நட்டல்பர்க்கை 1920களில் ஹென்றி ஃபோர்டு குத்தகைக்கு எடுத்து நடத்தினார். இரண்டு இடத்திலும் பூங்கா நிர்வாகம் பாதை போட்டிருக்கிறது. சுரங்க வாய் திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். உள்ளே உயிர்வளி இல்லாத காற்று தேங்கியிருக்கும், மூக்குக்கு அது தெரியாது.

உங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்பதால் ப்ராக்டருக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். ஃபோன்டானா படகுத்துறையில் சொல்லி வைத்தால் ஹேசல் கிரீக் வாயில் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிவர ஆள் கிடைக்கும். நடந்தே போவதென்றால் சிறு பிள்ளைகளால் ஆகாது. குளிர்காலத்தில் மழைவெள்ளத்துக்கு இடம் விடுவதற்காக நீர்மட்டத்தைப் பல பத்தடி இறக்குவார்கள். அப்போது கரையில் பழைய சாலைத்தடங்களும் அடித்தளக் கற்களும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். ஆனால் படகு எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும் என்பதும் அதனாலேயே மாறும். அன்றாட நீர்மட்டத்தை டி.வி.ஏ. தன் இணையப் பக்கத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முதல் நாள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் படகுக்காரரிடம் பேசுங்கள்.